பின்னால் நாலு டயர்: பெரிசாக மாற்றலாமா?

லாரி டயர் பற்றி இந்தப் பக்கத்துக்கு வாசகர்கள் அனுப்பும் கேள்விகள் பெரும்பாலும் விலையைச் சுற்றித்தான் இருக்கும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ‘இப்போது இருப்பதைவிடப் பெரிய டயர் போடலாமா’ என்ற கேள்விதான், ஊர் மட்டும் வேறு. மழைக்குப் பிறகு எஸ்டேட் பாதைகள் கிடக்கும் கோலத்தைப் பார்த்தால் கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

குலசேகரத்திலிருந்து: அண்ணாச்சி, என்னுடையது டாடா 407 லாரி, பின்னால் டபுள் வீல். ரப்பர் தடி ஏற்ற எஸ்டேட்டுக்குள் போனால் ஹவுசிங் (பின் ஆக்சிலின் கூடு) கல்லில் இடிக்கிறது. இப்போது 7.50-16 டயர். 8.25-16 போட்டால் வண்டி உயரும் என்கிறார்கள். பழைய ரிம்மிலேயே போடலாமா?

உயரும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு உயராது. (டயர் அளவில் முதல் எண் பெயரளவு அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில்.) 7.50-16 டயரின் வெளிவிட்டம் சுமார் 805 மி.மீ., 8.25-16 சுமார் 860. வித்தியாசம் 55 மி.மீ. என்றாலும் ஹவுசிங் உயர்வது அதில் பாதிதான். ஒரு அங்குலம் சொச்சம். இடிக்கிற கல் அதைவிடப் பெரிசாக இருந்தால் அப்போதும் இடிக்கும்.

வில்லங்கம் எல்லாம் அகலத்தில்தான். 7.50 டயர் சுமார் 215 மி.மீ. அகலம், 8.25 சுமார் 235. முன்னால் ஒற்றை டயர் என்பதால் இது பெரிய விஷயமில்லை. பின்னால் இரண்டு டயர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறதே, அங்கேதான் பார்க்க வேண்டும். உள் டயரின் நடுவிலிருந்து வெளி டயரின் நடுவரை உள்ள தூரத்தை ரிம்தான் தீர்மானிக்கிறது. உங்கள் வண்டியில் அது 245 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 7.50 போட்டிருக்கும்போது நடுவில் 30 மி.மீ. சந்து இருக்கும். 8.25 போட்டால் வெறும் 10. அதுவும் லோடு இல்லாதபோது. தடி ஏற்றினால் டயர் தரையைத் தொடும் இடத்தில் பக்கவாட்டில் பிதுங்கும், சந்து அங்கே காணாமல் போகும்.

இரண்டு டயரும் ஒட்டினால் என்ன ஆகும் என்று எனக்குப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை வரவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் சொந்த வண்டியில் இதே 8.25-ஐ இதே மாதிரி பழைய ரிம்மில் போட்டு, ஆரல்வாய்மொழியில் செங்கல் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். தக்கலை வருவதற்குள் பின்னாலிருந்து ரப்பர் கருகும் வாடை. இறங்கிப் பார்த்தால் இரண்டு டயரின் சைடும் உரசி உரசி, நூல் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. ஒரே நாளில் நாலு புது டயரில் இரண்டு போச்சு. வீட்டில் அதைப் பற்றி இன்றும் பேச்சு வரும்.

ஆகவே முதலில் அளவெடுங்கள். லோடு ஏற்றி, சமதரையில் நிறுத்தி, இப்போதுள்ள டயர்களின் நடுவே தரைக்குப் பக்கத்தில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். புது டயருக்கு எவ்வளவு நடுத்தூரம் வேண்டும் என்பது டயர் கம்பெனியின் அட்டவணையில் இருக்கும். 8.25-16-க்கு ஏறக்குறைய 265 முதல் 270 மி.மீ. தேவைப்படும். இருக்கும் தூரம் அதற்குக் குறைவானால் ரிம்மை மாற்றியே ஆக வேண்டும். எப்படியும் 8.25-க்கு உரிய ரிம் அகலம் 6.50 அங்குலம், 7.50-க்கு உரியது 6.00. டியூபும், டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவே போடும் ரப்பர் பட்டையான ஃபிளாப்பும்கூட அந்த அளவுக்கே வாங்க வேண்டும். பழைய டியூபை இழுத்துப் போட்டால் மடிப்பு விழும், இல்லாவிட்டால் மெலிந்து வெடிக்கும்.

ரிம்மின் குழிவு, அதாவது ஹப்பில் பூட்டும் டிஸ்க் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து விலகியிருக்கும் தூரம், 10 மி.மீ. கூடினால் இரண்டு டயருக்கும் நடுவே 20 மி.மீ. கிடைக்கும், ஏனென்றால் வெளி டயர் 10 வெளியே போகும், உள் டயர் 10 உள்ளே போகும். அந்த உள்ளே போகும் 10-ஐத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். கமான் பட்டைக்கும் (ஸ்பிரிங் பட்டை) உள் டயருக்கும் நடுவே கை நுழைகிறதா என்று பார்த்துவிட்டு ரிம் வாங்குங்கள். லேத் பட்டறையில் இரண்டு டிஸ்க்குக்கும் நடுவே ஒரு பிளேட் வைத்துத் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். பிளேட்டின் கனம் அளவுக்கு ஸ்டட்டில் நட்டுப் பிடிக்கும் மரை குறையும்.

என்னைக் கேட்டால், அதே 7.50-இல் பின்னால் நல்ல லக் டயர் (குறுக்கே தடித்த கட்டைகள் உள்ளது) நாலு போடுங்கள். பட்டன் (அந்தக் கட்டைகள்) ஆழமாக இருந்தால் சேற்றில் பிடிக்கும். ஹவுசிங் இடிக்கும் இடத்தில் ஒரு ஆளை இறக்கிக் கல்லைப் புரட்டிப் போடச் சொல்லுங்கள்.

அருமனையிலிருந்து: எம்-சாண்ட் அடிக்கிற டிப்பர். 9.00-20 டயரைக் கழற்றிவிட்டு 10.00-20 போட்டால் அரை யூனிட் கூடுதலாக ஏற்றலாமா?

டயர் தாங்கலாம். வண்டி தாங்காது, சட்டமும் தாங்காது. டயரின் சைடில் 146/143 என்று இரண்டு எண் அடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் எண் ஒற்றையாகப் போட்டால் தாங்கும் எடைக்கு, இரண்டாவது ஜோடியாகப் போட்டால். 146 என்றால் 3,000 கிலோ, 143 என்றால் 2,725 கிலோ. ஜோடியில் ஏன் குறைகிறது என்றால், இரண்டும் ஒருபோதும் சமமாகச் சுமக்காது, நடுவில் காற்றோட்டமும் குறைவு. நாலு டயர் சேர்த்து 10,900 கிலோ. இது டயரின் கணக்கு மட்டும். ஆக்சில், கமான் பட்டை, ஹப் பேரிங், பிரேக் டிரம் எதுவும் டயரோடு சேர்ந்து வளரவில்லை.

ஒரு யூனிட் 100 கன அடி. எம்-சாண்ட் ஈரத்தைப் பொறுத்து நாலரை முதல் ஐந்து டன் வரும். அரை யூனிட் கூட்டினால் இரண்டு டன்னுக்கு மேல் கூடுகிறது. ஆர்சி புத்தகத்தில் உள்ள மொத்த எடையைத் தாண்டினால் 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் டன்னுக்கு 2,000. இரண்டு டன் என்றால் 24,000. அந்த மணலை ரோட்டோரம் இறக்கிவிட்டுத்தான் வண்டி நகரும். 2018-இல் நாலு டயர் உள்ள ஆக்சிலுக்கு எடை வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தினார்கள், அது உங்கள் வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் கடைக்கு வந்தார். பழைய வண்டியாக இருந்தால் உங்கள் ஆர்சியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பேசும்.

குளச்சலிலிருந்து: பெரிய டயர் போட்ட பிறகு மைலேஜ் விழுந்துவிட்டது. எஞ்சினில் கோளாறா?

முதலில் மீட்டரைச் சந்தேகப்படுங்கள். டயர் சுற்றளவு 7 சதவீதம் கூடியிருந்தால் நீங்கள் நிஜமாக 100 கி.மீ. ஓடும்போது மீட்டர் 93 அல்லது 94 தான் காட்டும். அதற்கு 15 லிட்டர் டீசல் செலவானால் லிட்டருக்கு 6.7 கி.மீ. கிடைக்க வேண்டிய இடத்தில் 6.2 என்று வரும். நாகர்கோவில் போகும் வழியில் மைல்கல் பார்த்தோ, செல்போன் மேப்பில் பார்த்தோ சரிபாருங்கள்.

மீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 64-இல் போகிறீர்கள் என்பதும் இதே கணக்குதான். ஸ்பீடு கவர்னர் 80-க்குப் பூட்டியிருந்தால் வண்டி 85 வரை ஓடிவிடும். நிஜமான நஷ்டமும் ஒன்று உண்டு: ஏற்றத்தில் இழுவை குறையும். பேச்சிப்பாறை பக்கம் மூன்றாவது கியரில் ஏறியவர் இரண்டாவதுக்கு இறங்க வேண்டிவரும். கிளட்ச் பிளேட் சீக்கிரம் போகும்.

மார்த்தாண்டத்திலிருந்து: பின்னால் மட்டும் பெரிசு போட்டு, முன்னால் பழையதையே விடலாமா?

ஓடும். ஆனால் ஸ்டெப்னி எதற்குப் போடுவீர்கள்? இரண்டு வைத்துக்கொண்டு அலைய வேண்டும். வண்டி மூக்கு குத்தினாற்போல நிற்கும். எனக்குப் பிடிக்காத ஏற்பாடு.

தோவாளையிலிருந்து: பின் ஜோடியில் ஒரு டயர் வெடித்தது. அதற்கு மட்டும் புதிது வாங்கினேன். பக்கத்தில் பாதி தேய்ந்தது நிற்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இரண்டும் ஒரே ஹப்பில் பூட்டியிருப்பதால் ஒரே சுற்றுத்தான் சுற்றும். விட்டம் குறைந்த டயர் தனக்குக் குறைகிற தூரத்தை ரோட்டில் உரசியே ஈடுகட்டும். 860 மி.மீ. டயரில் 10 மி.மீ. வித்தியாசம் இருந்தால் 1,000 கி.மீ. ஓட்டத்தில் ஏறக்குறைய 12 கி.மீ. இப்படி இழுபடுகிறது. பெரிய டயருக்குச் சுமை கூடிச் சூடாகும், சின்னதின் பட்டன் திட்டுத்திட்டாகத் தேயும்.

8.25 வரையுள்ள டயர்களில் விட்ட வித்தியாசம் 6 மி.மீ. வரை பொறுக்கலாம், 9.00-உம் அதற்கு மேலும் என்றால் 12. வண்டியை ஜாக்கியில் தூக்கி, டேப்பை டயரைச் சுற்றிப் பிடியுங்கள். சுற்றளவில் 19 மி.மீ. வித்தியாசம் என்றால் விட்டத்தில் 6. அந்த அளவுக்குள் இருந்தால் பெரிசை வெளியே போடுங்கள். ரோடு நடுவில் மேடாக இருப்பதால் உள் டயருக்கு ஏற்கெனவே சுமை அதிகம். அளவைத் தாண்டினால் புது டயரை முன்னால் போட்டு, முன்னாலிருந்து தேய்மானம் ஒத்துவருவதைப் பின்னால் கொண்டுவாருங்கள். ரேடியல் டயரையும் நைலான் டயரையும் ஒரே ஜோடியில் சேர்க்கவே கூடாது.

திருவட்டாரிலிருந்து: உள் டயரில் காற்று இருக்கிறதா என்று கம்பியால் தட்டிப் பார்த்தால் போதாதா?

போதாது. தட்டினால் காற்றே இல்லாத டயர் மட்டும்தான் தெரியும். 20 பி.எஸ்.ஐ. காற்று குறைவாக இருக்கும் டயரும் நல்ல டயரின் சத்தத்தையேதான் கொடுக்கும். உள் வால்வுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் வாங்கிப் போட்டுவிட்டு, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது கேஜ் வைத்துப் பாருங்கள்.

பூதப்பாண்டியிலிருந்து: எஃப்சி (தகுதிச் சான்று) காட்டும்போது டயர் அளவைப் பார்ப்பார்களா?

சரக்கு வண்டியின் ஆர்சியில் டயரின் எண்ணிக்கையும் அளவும் எழுதியிருக்கும். பார்த்தால் மாட்டுவீர்கள். மாற்றுவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுவது செலவில்லாத வேலை.

கீரிப்பாறையிலிருந்து: நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். லாரி டயரில் நம் ஊர் ரப்பர் எவ்வளவு இருக்கும்?

கார் டயரைவிட லாரி டயரில் இயற்கை ரப்பரின் பங்கு அதிகம். திரும்பத் திரும்ப நசுங்கும்போது அதிகம் சூடாகாது, கல் குத்தினாலும் எளிதில் கிழியாது என்பதுதான் காரணம். அதனால் நீங்கள் காலையில் வெட்டுகிற பால் இந்தப் பக்கத்துக்குச் சம்பந்தமில்லாதது அல்ல.

முட்டத்திலிருந்து: மீன் வண்டி, டபுள் வீல். ரிம் துருப்பிடித்துவிட்டது. எப்படியும் ரிம் மாற்ற வேண்டும், அதோடு பெரிய டயருக்கும் போய்விடலாமா?

நடுத்தூரமும் பட்டை இடைவெளியும் ஒத்துவந்தால் தாராளமாக. புது ரிம் வாங்கும்போது பழைய லாக் ரிங்கை (டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடாமல் பிடிக்கும் இரும்பு வளையம்) அதில் போடாதீர்கள். ஐஸ் தண்ணீரும் உப்பும் முதலில் தின்பது அந்த ரிங் உட்காரும் பள்ளத்தைத்தான். காற்று ஏற்றும்போது ரிங் தெறித்தால் உயிரே போகும். டயரை உள்ளே வைத்துக் காற்றடிக்க இரும்புக் கூண்டு வைத்திருக்கும் கடையில் காற்றடியுங்கள். கடைப் பையன் ரிங்குக்கு நேராகக் குனிந்து நின்றால் அவனை எழுந்து ஒதுங்கச் சொல்லுங்கள்.