கம்ப்யூட்டர் கேள்வி-பதில்: என் லேப்டாப்ல ஓடுது, அம்மான் பட்டறையில ஓடலையே!

கேள்வி: அண்ணே வணக்கம். காலேஜ் மூணாவது வருஷம் படிக்கிறேன். ஆத்தங்குடியில எங்க அம்மான் டைல்ஸ் பட்டறை வச்சிருக்காக. வர்ற பார்ட்டிக்கு அவுக வீட்டு ஹால் போட்டோவுலயே டிசைனை விரிச்சுக் காட்டுற மாதிரி சி++ல ஒரு புரோகிராம் எழுதிக் குடுத்தேன். ஸ்பீடா இருக்கட்டும்னு கம்பைல் பண்ணும்போது (எழுதினதை மெஷின் மொழிக்கு மாத்தும்போது) ஓ3, மார்ச்=நேட்டிவ்னு (-O3, -march=native) ரெண்டு ஃபிளாக்கும் போட்டேன். என்னோட 11-ம் ஜெனரேஷன் ஐ5 லேப்டாப்ல பறக்குது, ஆனா பட்டறையில இருக்கிற பழைய பென்டியம்ல புரோகிராம் திறக்குது, டிசைனை கிளிக் பண்ண உடனே இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன், கோர் டம்ப்டுன்னு சொல்லி செத்துப்போகுது. ரெண்டும் உபுண்டு, ரெண்டும் 64 பிட். அம்மான் "உன் படிப்பு இவ்வளவுதானாடா"ங்கிறாக. — காரைக்குடி வாசகர்

பதில்: படிப்புல குறை இல்ல தம்பி, அந்த நேட்டிவ்ல தான் இருக்கு. அதைப் போட்டா ஜிசிசி கம்பைலர் என்ன பண்ணும்னா, நீ கம்பைல் பண்ற மெஷின்கிட்டயே "உன்கிட்ட என்னென்ன வசதி இருக்கு"ன்னு கேட்டு, இருக்கிறது அத்தனையும் தாராளமா பயன்படுத்திக்கலாம்னு முடிவு பண்ணிடும். உன் லேப்டாப்ல ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ, ஏவிஎக்ஸ்-512ன்னு கணக்கை வேகமா முடிக்கிற இன்ஸ்ட்ரக்‌ஷன் எல்லாம் இருக்கு. பென்டியம்ல அதுல ஒண்ணுமே கிடையாது, அதனால அந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் வந்ததும் ப்ராசஸர் இது என்னன்னே தெரியலன்னு கைய விரிச்சிடுது, லினக்ஸ் உடனே புரோகிராமைக் கொன்னுடுது. திறக்கும்போது சாகாம கிளிக் பண்ணும்போது சாகுறதுக்கும் இதான் காரணம், அந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் இருக்கிற இடத்துக்குப் போற வரைக்கும் எதுவும் தெரியாது. அதுவே யாரும் அதிகமா தொடாத ஒரு மெனுவுக்குள்ள இருந்திருந்தா, ஆறு மாசம் நல்லா ஓடிட்டு ஒரு முகூர்த்த சீசன் அன்னிக்கு பார்ட்டி முன்னாடி விழுந்திருக்கும்.

வருஷத்தை வச்சு கணக்குப் போடாதே. ஏவிஎக்ஸ்2 2013-ல இன்டெல்லோட ஹாஸ்வெல்ங்கிற சிப் வரிசையில வந்துச்சு, அப்ப அதுக்கப்புறம் வாங்கின இன்டெல் எல்லாத்துலயும் இருக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ஆனா இன்டெல்காரன் பென்டியம், செலரான்னு விலை கம்மியா விக்கிற டெஸ்க்டாப் சிப்ல ஏவிஎக்ஸையே ஆஃப் பண்ணி வித்தான், 2020-ல வந்த 10-ம் ஜெனரேஷன் பென்டியம் கோல்டு வரைக்கும் அதே கதை தான். நம்ம பக்கம் பட்டறை, பலகாரக் கடை, பழைய சாமான் கடைன்னு பில் போட வாங்கிப் போட்டிருக்கிற பெட்டியில பாதி இந்த ரகமாத்தான் இருக்கும். டெர்மினல்ல எல்எஸ்சிபியுன்னு (lscpu) அடி, ஃபிளாக்ஸ் வரியில ஏவிஎக்ஸ்2 இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும். எந்த இடத்துல செத்துச்சுன்னு பார்க்கணும்னா ஜிடிபிங்கிற டீபக்கர்ல, புரோகிராம் சாகும்போது விட்டுட்டுப் போன கோர் ஃபைலைத் திறந்து, நின்ன இடத்து இன்ஸ்ட்ரக்‌ஷனைக் காட்டச் சொல்லு, வி எழுத்துல ஆரம்பிச்சு பக்கத்துல ஒய்எம்எம்னு ரெஜிஸ்டர் பேர் இருந்தா சந்தேகமே வேண்டாம், ஏவிஎக்ஸ் தான்.

மார்ச் ஃபிளாக்கை எடுத்துட்டு, இந்த ரக 64 பிட் சிப் எல்லாத்துக்கும் பொதுவான வெறும் எக்ஸ்86-64-க்கு கம்பைல் பண்ணிக் குடு. எம்ட்யூன் (-mtune) ஃபிளாக் வேணும்னா வச்சுக்கோ, அது இன்ஸ்ட்ரக்‌ஷன் தேர்வையும் வரிசையையும் மட்டும் தான் மாத்தும், புதுசா எதையும் சேர்க்காது. இந்த ரக 64 பிட் சிப் எல்லாத்துலயும் எஸ்எஸ்இ2ங்கிற பழைய இன்ஸ்ட்ரக்‌ஷன் தொகுதி கட்டாயம் உண்டு, அதனால ஓ3 ஓரளவுக்கு வெக்டரைஸ் பண்ணத்தான் (ஒரே நேரத்துல பல எண்ணைச் சேர்த்துக் கணக்குப் போடத்தான்) செய்யும். உன் புரோகிராம்ல கொஞ்ச நேரம் ஜேபெக்கைப் பிரிக்கிறதுக்கே போகும், உபுண்டுல அதைச் செய்ற லிப்ஜேபெக்-டர்போ ஓடும்போதே ப்ராசஸரைப் பார்த்து தகுந்த வழியை எடுத்துக்குது, அதுல உன் ஃபிளாக்குக்கு வேலையே இல்ல. மிச்சம் கலர் கலக்குற அந்த ஒரு லூப் தான். அந்த ஃபங்ஷன் தலையில மட்டும் டார்கெட்_க்ளோன்ஸ்ங்கிற (target_clones) ஆட்ரிபியூட்டைப் போட்டு டிஃபால்ட், ஏவிஎக்ஸ்2ன்னு ரெண்டு பேரைக் குடு. ஜிசிசியே ரெண்டு காப்பி பண்ணி, ஓடுற மெஷினுக்கு ஏத்ததை எடுத்துக்கும். அம்மானுக்கு என் வணக்கத்தைச் சொல்லு.

கேள்வி: சார், நான் இதெல்லாம் தெரிஞ்சு தான் செஞ்சேன். ஏவிஎக்ஸ்2 கோடை தனி ஃபைல்ல வச்சு அதுக்கு மட்டும் ஃபிளாக் போட்டேன், ப்ராசஸர்ல இருக்கான்னு செக் பண்ணிட்டு தான் கூப்பிடுறேன். அப்பவும் பழைய மெஷின்ல சம்பந்தமே இல்லாத இடத்துல கிராஷ் ஆகுது. மேக்ஃபைல்ல ஃபைல் வரிசையை மாத்தினா சரியாயிடுது! பேய் பிடிச்சிருக்கா? — தேவகோட்டை வாசகி

பதில்: ஃபைல் வரிசையை மாத்தினா சரியாகுதுன்னு எழுதினீங்க பாருங்க, அதுலயே விடை இருக்கு. உங்க ஏவிஎக்ஸ்2 ஃபைல்ல ஸ்டாண்டர்டு வெக்டர் (தேவைக்கு நீளுற பட்டியல்) மாதிரி ஏதோ ஒண்ணு இருக்கும். புஷ்பேக் பண்ணும்போது இடம் பத்தலன்னா பெருசாக்குற ஃபங்ஷன் டெம்ப்ளேட்ல இருந்து வருது, அது ஒவ்வொரு ஃபைல்லயும் ஒரு காப்பி உருவாகும். ஒரே பேர்ல இத்தனை காப்பி எதுக்குன்னு, எல்லா ஃபைலையும் ஒண்ணாக் கோக்குற லிங்கர் முதல்ல கண்ணுல பட்டதை வச்சுக்கிட்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டுடும். மொய் நோட்டுல ஒரே பேர் ரெண்டு தடவை வந்தா, ஊர் வேற வேறயான்னு பார்க்காம கணக்கப்பிள்ளை ஒண்ணை அடிச்சுட்ட மாதிரி. அப்படி நின்னது ஏவிஎக்ஸ் கலந்த காப்பின்னா, செக் பண்ற இடத்துக்கே வராத சாதா கோடு கூட அதைத் தான் கூப்பிடும், செத்துப்போகும். லிங்கரைத் திட்டாதீங்க, எல்லா காப்பியும் ஒண்ணுதான்னு அதுக்கு வாக்கு குடுத்தது சி++, அதை மீறினது நம்ம ஃபிளாக்.

வரிசையை மாத்தினதோட விட்டுடாதீங்க, நாளைக்கு ஒரு ஃபைல் சேர்த்தா திரும்ப வரும். அந்த ஃபைல்குள்ள வெறும் பாயின்டரும் நீளமும் மட்டும் உள்ள வரட்டும், வெக்டர், ஸ்ட்ரிங், அல்காரிதம் ஹெடர் எதுவும் வேண்டாம், துணை ஃபங்ஷன் இருந்தா ஸ்டாட்டிக் போடுங்க. இல்லன்னா ஃபைலுக்கு ஃபிளாக் குடுக்கிறதையே விட்டுட்டு அந்த ஒரு ஃபங்ஷனுக்கு மட்டும் டார்கெட் ஆட்ரிபியூட் போடுங்க, எனக்கு இதான் பிடிக்கும்.

கேள்வி: வட்டிக் கணக்குப் போடுற என் புரோகிராமை நேட்டிவ்ல கம்பைல் பண்ணா ஒரு விடை, சாதாவா பண்ணா வேற விடை, சில கணக்குல ஒரு பைசா இடிக்குது. கிராஷ் எதுவும் இல்ல, அப்ப ஆபத்து இல்ல தானே? — கானாடுகாத்தான் வாசகர்

பதில்: கிராஷ் ஆனவன் பாக்கியசாலி, அவனுக்கு தப்பு நடந்தது தெரியுது. உங்களுக்கு நடந்தது எஃப்எம்ஏ. பெருக்கிக் கூட்டுற கணக்கை சாதா ப்ராசஸர் பெருக்கினதும் ஒரு தடவை, கூட்டினதும் ஒரு தடவைன்னு ரெண்டு தடவை ரவுண்ட் பண்ணும், எஃப்எம்ஏ கடைசியில ஒரே தடவை தான் ரவுண்ட் பண்ணும். ரெண்டுல எஃப்எம்ஏ தான் துல்லியம், ஆனா அது முன்ன வந்த விடை இல்ல. ஜிசிசி கேக்காமலே இதைச் செய்யும், எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப் (-ffp-contract=off) ஃபிளாக் போட்டா நிறுத்திடும். இதுல ஒரு கூத்து இருக்கு, எக்ஸ் ஸ்கொயர்ல இருந்து ஒய் ஸ்கொயரைக் கழிக்கிறோம்னு வைங்க, எக்ஸும் ஒய்யும் ஒண்ணாவே இருந்தாலும் ஒரு பக்கம் மட்டும் ரவுண்ட் ஆகுறதால பூஜ்யத்துக்குப் பதிலா துளியூண்டு மைனஸ் வரலாம், அதுக்கு ஸ்கொயர் ரூட் எடுத்தா நேன் (எண்ணே இல்லங்கிற விடை) தான். அது கிடக்கட்டும், வட்டிக் கணக்கை ஏன் டபுள்ங்கிற தோராயமான புள்ளி எண்ணுல வச்சிருக்கீங்க? பைசாவா மாத்தி முழு எண்ணுல வைங்க, எங்க ரவுண்ட் பண்றதுன்னு நீங்களே முடிவு பண்ணலாம்.

இதைவிட மோசமானது எல்இசட்சிஎன்டி (LZCNT). பைனரியில ஒரு எண்ணுக்கு முன்னாடி எத்தனை பூஜ்யம் இருக்குன்னு எண்ணுற இன்ஸ்ட்ரக்‌ஷன். ஹாஸ்வெல்லுக்கு முந்தின இன்டெல் சிப்ல இதை ஓட்டினா இல்லீகல்னு சொல்லாது, முன்னாடி இருக்கிற பைட்டைக் கண்டுக்காம பிஎஸ்ஆர்ங்கிற வேற இன்ஸ்ட்ரக்‌ஷனா ஓட்டிடும். 32 பிட்ல 1-ஐக் குடுத்தா 31 வரணும், வர்றது 0. எர்ரர் கிடையாது, லாக்ல ஒரு வரி கிடையாது.

கேள்வி: எல்லாரும் புது மெஷின் வாங்கிட்டா இந்தத் தொல்லை தீர்ந்துடுமா? — பள்ளத்தூர் வாசகர்

பதில்: தீராது. 11-ம் ஜெனரேஷன் இன்டெல்ல ஏவிஎக்ஸ்-512 இருந்துச்சு, 12-ல சின்ன கோர் எல்லாம் சேர்த்தான், அந்தக் கோருக்கு அது தெரியாது, அதனால மொத்தமாவே நிறுத்திட்டான். காரைக்குடி தம்பி தன் லேப்டாப்ல பண்ண அதே ஃபைலை அதைவிடப் புதுசான 12-ம் ஜெனரேஷன்ல போட்டாலும் சாகலாம்.