மகளின் பட்டிமன்றத்துக்கு: கிரேக்கரும் சுரங்கம் வெட்டினார்கள்

"கிரேக்கர் யோசித்தார்கள், ரோமர் கட்டினார்கள்" என்ற ஒரே வரி மகளின் பட்டிமன்றத்துக்குப் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாதுங்க, எதிரணி மடக்கிவிடும். கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே சாமோஸ் தீவில் யூபாலினோஸ் என்ற கிரேக்கர் மலையை இரு முனையிலிருந்தும் குடைந்து 1,036 மீட்டர் தண்ணீர்ச் சுரங்கம் போட்டார். நடுவில் சந்திப்பு தப்பிவிடக் கூடாதென்று பாதையை வேண்டுமென்றே வளைத்தார். ரோமர் காலத்தில், இன்றைய அல்ஜீரியாவின் சால்டேயில், இதேபோல் தண்ணீர்ச் சுரங்கத்தை இரு முனையிலிருந்தும் தோண்டிய இரண்டு குழுவும் அவரவர் வலப்பக்கம் விலகிப் போய், தோண்டிய நீளம் மலையின் அகலத்தையே தாண்டிவிட்டது! அளவெடுத்துக் கொடுத்த நோனியஸ் டாட்டஸை மறுபடி அழைத்தார்கள். மனுஷன் இதையெல்லாம் கல்வெட்டிலேயே புலம்பி வைத்திருக்கிறார். மகள் ரோமர் அணி என்றால் கான்கிரீட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். ரோம் நகரிலுள்ள பாந்தியன் கோயிலின் கான்கிரீட் குவிமாடம் 43 மீட்டர் அகலம், உள்ளே ஒரு கம்பிகூடக் கிடையாது.