பேய்ப் படம் என்றால் உயிர், ஆனால் வெளியே சொல்ல முடியவில்லை. சின்ன ஊரில் இதே ரசனை உள்ளவர்களை எங்கே தேடுவது?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. "சொன்னால் வீட்டில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்" என்று விளக்கத்தில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். பையன் செகண்ட் ஷோவுக்குப் பேய்ப் படம் போய்விட்டு வந்தால் வீட்டில் யாரும் எதுவும் கேட்பதில்லை. பெண் என்றால் "பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு", "காத்து கருப்பு அண்டிக்கும்" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆள் கிடைப்பார்கள், கவலைப்படாதீர்கள். "உங்களுக்குப் பேய்ப் படம் பிடிக்குமா" என்று கேட்டுக்கொண்டு போனால் யாரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள். நீங்கள் பார்த்த படத்தின் கதையைச் சொல்ல ஆரம்பியுங்கள். கிட்டே நகர்ந்து உட்காருகிறவர்கள்தான் உங்கள் ஆட்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தார்கள்.

எனக்கு ஊர் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கம். ஓசூரில் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்த்தேன். போக வர கம்பெனி பஸ். செகண்ட் ஷிப்ட் முடித்து ஏறினால் வீட்டுக்கு வந்து சேர நடுராத்திரி தாண்டிவிடும். பஸ் முழுக்கப் பெண்கள். கொஞ்ச நேரம் லைன் லீடரைத் திட்டுவோம். சூளகிரி வருவதற்குள் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள், மீதிப் பேர் போனை நோண்டிக்கொண்டிருப்பார்கள்.

பக்கத்து சீட்டில் வழக்கமாக உட்காருகிற ஊத்தங்கரைப் பெண் ஒரு திங்கட்கிழமை, "லீவுல என்னக்கா பண்ணீங்க" என்று கேட்டாள். 'யாவரும் நலம்' மறுபடி பார்த்தேன் என்றேன். "ஐயோ, அது பேய்ப் படமாச்சே" என்றவள், ஒரு நிமிஷம் கழித்து, "சரி, கதை என்னக்கா" என்றாள்.

2009இல் வந்த படம். விக்ரம் கே. குமார் இயக்கம், மாதவன் நடித்தது. கடன் வாங்கி வாங்கிய அப்பார்ட்மெண்ட்டில் குடும்பத்தோடு குடியேறுகிறான், வீட்டு எண் 13பி. அவன் தனியாக ஏறினால் லிப்ட் நகராது. வேறு யாராவது ஏறினால் ஓடும். மதியம் ஒரு மணிக்கு வீட்டுப் பெண்கள் ஒரு சீரியல் பார்க்கிறார்கள். அந்த சீரியல் குடும்பத்தில் என்ன நடக்கிறதோ அது இவன் வீட்டிலும் நடக்க ஆரம்பிக்கிறது. இதை நான் அவசரப்படாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். லிப்ட் கதவு மூடுகிறது, பட்டனை அழுத்துகிறான், ஒன்றும் ஆகவில்லை, மறுபடி அழுத்துகிறான் என்று. மேலுமலை இறக்கத்தில் பஸ் ஒரு பக்கம் சாய்ந்து திரும்பியபோது அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் அவளுடைய கண்ணாடி வளையல் ஒன்று உடைந்து மடியில் விழுந்தது. லைனில் வளையல் போட விடமாட்டார்கள். பஸ் ஏறியதும்தான் டிபன் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொள்வாள். உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டே "அப்புறம்?" என்றாள். முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததாக நான் நினைத்த ரெண்டு பேரும் திரும்பி "அப்புறம்?" என்றார்கள்.

முடிவை நான் சொல்லவில்லை. குருபரப்பள்ளி தாண்டியதும் நிறுத்திவிட்டேன். அந்த வாரமே மூன்று பேர் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு வந்து என்னோடு சண்டை போட்டார்கள், "ஏன்க்கா இதைச் சொல்லல" என்று. இன்றுவரை எங்கள் கூட்டத்தில் இது மாறாத விதி. கதையை எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம், முடிவைச் சொல்லக் கூடாது. 2012இல் வந்த 'பீட்சா'வின் முடிவைத் தெரிந்துகொண்டு பார்க்கிறவர்களுக்கு அந்தப் படம் பாதிதான் கிடைக்கும். அந்தப் பாதியைப் பிடுங்க யாருக்கும் உரிமை இல்லை.

கொஞ்ச நாளில் பஸ்ஸின் பின்பக்கம் முழுக்க எங்கள் ஆட்கள். டிரைவர் அண்ணன் முதலில் கோபப்பட்டார். மலைப்பாதையில் நாங்கள் திடீரென்று கத்தினால் அவருக்குக் கை நடுங்குமாம், நியாயம்தான். மேலுமலை தாண்டும்வரை பயங்கரமான இடம் எதையும் சொல்வதில்லை என்று ஒத்துக்கொண்டோம். பிறகு அவரே பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். வயதில் மூத்த அக்கா ஒருத்தர், 1985இல் வந்த 'யார்' படத்தை டென்ட் கொட்டாயில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்ததைச் சொல்வார். படம் முடிந்து இருட்டில் வீட்டுக்கு நடந்து வந்த கதை படத்தைவிடப் பயமாக இருக்கும்.

ஒரு ராத்திரியை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். 1998இல் வந்த 'ரிங்கு' என்ற ஜப்பானியப் படத்தைச் சொன்னேன். ஹிடியோ நகாட்டா எடுத்தது. கிணற்றுக்குள்ளிருந்து முகம் தெரியாமல் முடியை முன்னால் தொங்கவிட்ட பெண் ஏறி வருவாள். அந்த நடை ஏன் அப்படி உடம்பைக் கூசச் செய்கிறது என்றால், நடிகையைப் பின்பக்கமாக நடக்கவிட்டுப் படம் பிடித்து, அதைத் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள். நான் கிணறு என்றதுமே பஸ் அமைதியாகிவிட்டது. வழக்கமாக வரும் அமைதி இல்லை. எங்கள் பக்கத்தில் கிணறு என்றாலே யாராவது ஒரு பெண்ணின் பேர் ஞாபகம் வரும். பர்கூர் பக்கத்துப் பெண் ஒருத்தி, "எங்க சித்தி கிணத்துலதான் விழுந்தாங்க. வீட்ல அவங்க பேரையே எடுக்க மாட்டாங்க" என்றாள். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. இன்னொருத்தி தன் ஊரில் நடந்ததைச் சொன்னாள். அப்புறம் இன்னொருத்தி. அவரவர் ஸ்டாப்பில் இறங்கும்வரை பேசினார்கள். அந்தப் பெண்கள் ஏன் விழுந்தார்கள், யார் காரணம் என்று வீட்டில் ஒருவரும் வாய் திறக்காததை அந்தப் பஸ்ஸில் பேசினார்கள். பேய்ப் படம் மனசைக் கெடுக்கும் என்று எனக்கு யாராவது சொன்னால் அந்த ராத்திரிதான் நினைவுக்கு வரும். பேய்க் கதைகளில் பாதி, செத்த பிறகாவது ஒரு பெண் தனக்கு நடந்ததைச் சொல்ல வருகிற கதைதான். 'ஈரம்' பாருங்கள், தெரியும்.

"மூடநம்பிக்கையை வளர்க்கிறீர்கள்" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். மூடநம்பிக்கை என்றால் என்ன என்று எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம். பையனுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது, "ராத்திரி ராத்திரி பேய்ப் படம் பார்த்து வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்துட்ட" என்று சொல்லி, எங்கள் அத்தை என்னை மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போனார். உடுக்கை, எலுமிச்சம்பழம், விபூதி, எல்லாம் ஆச்சு. என் இடுப்பில் ஒரு தாயத்து கட்டினார்கள், கட்டிக்கொண்டேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. முடியைக் கொத்தாகப் பிடித்து, வேப்பிலைக் கொத்தால் முகத்தில் அடித்து, "பேரைச் சொல்லு, பேரைச் சொல்லு" என்றார்கள். அவள் தன் சொந்தப் பேரையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர்களுக்கு அது போதவில்லை. என் பையனை அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் காட்டினோம், டைபாய்டு என்றார்கள், மருந்தில் சரியானது. அந்தப் பெண் என்ன ஆனாள் என்று தெரியாது.

அதனால்தான் பேய் பிடித்தவளை அறைந்து, துரத்தி, சிரிக்க வைக்கிற காமெடிப் பேய்ப் படங்களை என்னால் பார்க்க முடிவதில்லை. கூட்டத்தில் சிலருக்கு அவை பிடிக்கும், பார்க்கட்டும், அவர்கள் ரசனையை நான் குறை சொல்லவில்லை. எனக்கு முடியவில்லை, அவ்வளவுதான். திரையில் பேயைப் பார்த்துப் பழகிய நாங்கள் நிஜத்தில் யாரையும் பேய் என்று சொன்னதில்லை. சொன்னவர்கள் பேய்ப் படமே பார்க்காதவர்கள்.

இன்னொன்று. பயத்தைக் கூட்டமாகப் பார்ப்பது நம் பக்கத்துக்குப் புதுசா? மகா சிவராத்திரிக்கு மறுநாள் காவேரிப்பட்டணத்துக்கு வந்து பாருங்கள். அங்காளம்மன் திருவிழாவான மயானக் கொள்ளைக்குச் சுடுகாடு வரை ஊரே திரண்டு போகும். முகத்தில் சாயமும் நீட்டிய நாக்குமாகக் காளி வேஷம் கட்டினவர்கள் ஆவேசத்தோடு வருவார்கள். அப்பா தோளில் உட்கார்ந்து பார்க்கிற குழந்தை வீறிட்டுக் கத்தும், கண்ணைப் பொத்திக்கொள்ளும், விரல் இடுக்கு வழியாக மறுபடி பார்க்கும். நானும் அப்படிப் பார்த்து வளர்ந்தவள்தான். அங்காளம்மனைச் சினிமாவோடு ஒப்பிடுகிறாள் என்று யாரும் கிளம்பி வராதீர்கள். அது சாமி, இது படம். நான் சொல்வது அந்தக் குழந்தையின் விரல் இடுக்கைப் பற்றி மட்டும்தான்.

பஸ்ஸில் ஆரம்பித்தது பிறகு வீட்டுக்கு வந்தது. கிருஷ்ணகிரியில் வாடகை வீடு எடுத்துச் சேர்ந்து தங்கியிருந்த பெண்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னல்களில் பெட்ஷீட்டைத் தொங்கவிட்டு இருட்டாக்குவார்கள். தவணையில் வாங்கிய டிவி, அதில் செருகிய பென்டிரைவ், ஒரு ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர். போனில் தனித்தனியாகப் பார்க்காதீர்கள் என்று இதனால்தான் சொல்கிறேன். பேய்ப் படத்தில் பாதி சத்தம்தான். 1960இல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' குளியலறைக் காட்சியை ஒருமுறை சத்தமில்லாமல் போட்டுப் பார்த்தோம். கை, கத்தி, தண்ணீர் என்று துண்டு துண்டாகப் போனது, ஒருத்தர்கூட அசையவில்லை. மறுபடி சத்தத்தோடு போட்டோம். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனின் வயலின்கள் கிறீச்சிட்டதும் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தவள்கூட ஓடி வந்தாள். ஹிட்ச்காக் அந்த இடத்தில் முதலில் இசையே வேண்டாம் என்றுதான் இருந்தாராம், ஹெர்மன் எழுதியதைக் கேட்ட பிறகு மனசை மாற்றிக்கொண்டார். இதையெல்லாம் பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அந்த வீட்டில்தான் எனக்குக் கிடைத்தது. இப்போது நான் வேலையை விட்டுவிட்டேன், ரெண்டு பேர் கல்யாணமாகி தர்மபுரி, பாலக்கோடு என்று போய்விட்டார்கள். ஆனாலும் புதுப் படம் வந்தால் போன் வரும்.

தியேட்டரில் சேர்ந்து பார்ப்பதுதான் எங்களுக்கு எட்டாத ஆசை. சாயங்கால ஷோ முடிந்து வெளியே வந்தால் கிராமத்துக்கு பஸ் இருக்காது. பெங்களூரில் நல்ல பேய்ப் படங்களெல்லாம் ஓடும், ஆனால் போய் வர பஸ்ஸை விட்டால் வேறு வழி இல்லை. இதைச் சொன்னால் எனக்கு ஆத்திரம் வரும். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. மாவட்டத் தலைநகரம், மாம்பழத்துக்குப் பேர் போன ஊர், இன்றைக்கும் ரயில் நிலையம் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து ரயில் வந்துகொண்டிருந்த ஊர் இது! இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிறுத்தினார்கள், அதோடு சரி. மொரப்பூர்–தர்மபுரி பாதையும் அப்போது போனதுதான். அதற்கு 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் ரயில் ஞாபகம் வந்துவிடும். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும், ஆனால் ஓசூருக்கும் பெங்களூருக்கும் தினமும் பஸ்ஸில் இடிபடுகிற பெண்கள் எத்தனை பேர் என்று பார்த்தவளுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வேலைக்குப் போனால் பஸ்ஸில், கல்லூரி என்றால் ஹாஸ்டலில், வீட்டில் இருந்தால் நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காக்களிடம்கூடக் கதை சொல்லிப் பாருங்கள். பயந்தவளைக் கேலி செய்ய யாரையும் விடாதீர்கள். ஒருமுறை கேலி பட்டவள் திரும்ப வரமாட்டாள். ரத்தம் பிடிக்காதவர்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அந்தக் காட்சிக்கு அவர்கள் எழுந்து போகட்டும். குழந்தைகளைச் சேர்க்காதீர்கள், இதில் நான் கறார். முதலில் 'யாவரும் நலம்' போடுங்கள், சீரியல் பார்க்கிற எல்லோருக்கும் அது உடனே பிடிபடும். அடுத்து 'ஈரம்'. கூட்டம் பழகிய பிறகு, 2015இல் வந்த 'மாயா'. பழைய ஆங்கிலப் படம் வேண்டுமென்றால் ஜார்ஜ் ரொமேரோவின் 1968ஆம் வருஷத்து 'நைட் ஆஃப் த லிவிங் டெட்'. படத்தின் பேரை மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பைப் போட விட்டுவிட்டார்கள். அதனால் அமெரிக்காவில் அது பொதுச் சொத்து, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். 'ரிங்கு'வை அவசரப்பட்டுப் போடாதீர்கள். உட்கார்ந்திருக்கிறவர்களின் ஊர், வீடு, கதை எல்லாம் கொஞ்சம் தெரிந்த பிறகு போடுங்கள், முடிந்ததும் யாரையும் உடனே கிளம்ப விடாதீர்கள்.