டிசம்பர் 25 யாருடைய நாள்?

வணக்கம் சார்,

லிங்கராஜபுரத்தில் இருக்கிறோம். அப்பா காலத்திலிருந்தே சிவாஜிநகர் மாதா கோயிலில்தான் எங்களுக்கு நள்ளிரவுப் பூசை. டிசம்பர் பிறந்தாலே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடுகிறது: கிறிஸ்துமஸ் ரோமானியர்களின் சூரியக் கடவுள் விழா, கிறிஸ்தவர்கள் பெயரை மாற்றி எடுத்துக்கொண்டார்கள் என்று. கல்லூரியில் படிக்கும் என் மகன் அதைக் காட்டி, "பைபிளிலேயே தேதி இல்லையாமே, அப்புறம் எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எஸ்., பெங்களூரு

அன்புள்ள எஸ்.,

மகன் சொல்வதில் பாதி சரி. நற்செய்திகளில் தேதி கிடையாது. முதல் இரண்டு நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்கள் இயேசுவின் பிறப்பை விழாவாகக் கொண்டாடியதற்கும் சான்று இல்லை. அவர்களுக்கு இயேசுவின் உயிர்ப்பு, அதாவது ஈஸ்டர்தான் திருவிழா. 3-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன், வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பார்வோனும் ஏரோதும் போன்ற பாவிகள்தான் என்று கண்டித்தே பேசியிருக்கிறார்.

டிசம்பர் 25 முதலில் தென்படுவது 354-இல் ரோமில் தொகுத்த ஒரு பஞ்சாங்கத்தில். அதில் கிறிஸ்து பிறப்பைக் குறிக்கும் பகுதி 336 வாக்கில் எழுதப்பட்டது. அதே தொகுப்பில் இன்னோரிடத்தில், அதே தேதிக்கு நேராக 'வெல்லப்படாதவனின் பிறந்தநாள்' என்றும் இருக்கிறது. சூரியனைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்பது பொதுவான கருத்து. வாட்ஸ்அப் கதை கிளம்புவது இங்கிருந்துதான். பேரரசர் ஆரேலியன் 274-இல் ரோமில் சூரியனுக்குக் கோயில் எடுத்ததும் உண்மை. ஆனால் சூரியனுக்கு அந்தத் தேதியில் விழா நடந்தது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றும் இதே தொகுப்புதான். ஒரே ஏட்டை வைத்துக்கொண்டு யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

இன்னொரு விளக்கமும் உண்டு. இயேசு சிலுவையில் இறந்தது மார்ச் 25 என்று மேற்கே கணித்தார்கள். அவர் கருவானதும் அதே நாள்தான் என்று நம்பினார்கள். ஒன்பது மாதம் கூட்டினால் டிசம்பர் 25. கிழக்கே இறந்த நாளை ஏப்ரல் 6 என்று வைத்தவர்களுக்கு ஜனவரி 6 வருகிறது; அங்கே பிறப்பைக் கொண்டாடியதும் அன்றுதான். இரண்டு தேதிகளுக்கும் ஒரே கணக்கு காரணம் சொல்வதால் எனக்கு இதுதான் பொருந்துகிறது. அதற்காகச் சூரியனுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 5-ஆம் நூற்றாண்டில் பாப்பரசர் முதலாம் லியோ, கிறிஸ்துமஸ் மறையுரை ஒன்றில், புனித பேதுரு ஆலயப் படிகளில் ஏறியபின் திரும்பி நின்று உதயசூரியனைக் கும்பிட்டுவிட்டு உள்ளே வரும் கிறிஸ்தவர்களைக் கடிந்துகொள்கிறார். மக்கள் பழைய வணக்கத்தை ஒரே நாளில் விட்டுவிடுவதில்லை.

எதற்கு ஆர்ப்பாட்டம் என்று கிறிஸ்தவர்களே கேட்டிருக்கிறார்கள். வேதத்தில் இல்லாத விழா என்று 1647-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் கிறிஸ்துமஸைத் தடை செய்தது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். சட்டங்கள் போயின, விழா நிலைத்தது.

ஏன் நிலைத்தது என்பதற்கு நான் குடிலைத்தான் காட்டுவேன். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் துறவி பிரான்சிஸ் அசிசியார் ஒரு தீவனத் தொட்டியில் வைக்கோல் பரப்பி, மாட்டையும் கழுதையையும் பக்கத்தில் நிறுத்திக் கிறிஸ்துமஸ் இரவுப் பூசைக்கு ஏற்பாடு செய்தார். ஊர்மக்கள் தீப்பந்தங்களோடு வந்தார்கள். பிறகு அந்த வைக்கோலை எடுத்துப்போய் நோயுற்ற கால்நடைகளுக்குக் கொடுத்ததாக அவருடைய முதல் வரலாற்றாசிரியர் எழுதுகிறார். அந்த மாடும் கழுதையும்கூடப் பிறப்புக் கதையில் இல்லை, பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி ஏசாயாவின் வசனம் ஒன்றிலிருந்து வந்தவை. உங்கள் பக்கத்து வீடுகளிலும் பார்த்திருப்பீர்கள்: டிசம்பர் இரண்டாம் வாரம் தட்டில் மண் பரப்பி ராகி தூவி, தண்ணீர் தெளித்து, விரல் நீளத்துக்கு வளர்ந்த பச்சையைக் குடிலில் புல்லாக வைக்கிறார்கள். பெத்லகேமில் ராகி ஏது? கையில் இருப்பதை அன்போடு வைக்கிறார்கள். இதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மரம், வாழ்த்து அட்டை எல்லாம் பிற்காலத்தவை, அவற்றுக்காக வாதாட வேண்டியதில்லை.

தேதியைப் பற்றி மகன் மறுபடி கேட்டால் பெத்லகேமையே சொல்லுங்கள். அங்கே கத்தோலிக்கர்களுக்கு டிசம்பர் 25, கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையினருக்கு ஜனவரி 7, பழைய நாட்காட்டியைப் பின்பற்றும் ஆர்மீனியர்களுக்கு ஜனவரி 19. மூன்று சபையாரும் ஒரே ஆலய வளாகத்தில்தான் கொண்டாடுகிறார்கள்.