கொரோனாவுக்குப் பிறகு களஞ்சியத்தில் வேலை செய்பவர்களை எப்படிப் பாதுகாப்பது?

கேள்வி கேட்டவர் அக்கரைப்பற்றுப் பக்கம் நெல்லும் அரிசியும் வைக்கும் ஸ்டோர் ஒன்றைப் பொறுப்பெடுத்திருக்கிறாராம். இன்னொரு தொற்று வந்தாலும் சமாளிக்க வெப்பமானி, செனிடைசர், மருந்து விசிறும் மெசின், இவற்றில் எதை முதலில் வாங்கலாம் என்று கேட்கிறார். நான் சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையின் ஸ்டோரில் கணக்கும் மேற்பார்வையும் பார்க்கிறவன். கொரோனாக் காலம் முழுக்க அங்கேதான் நின்றேன்.

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். காய்ச்சலோடு இருக்கும் ஆள் வீட்டில் படுத்தால் அவருக்கு அன்றைய காசு எங்கிருந்து வரும், அதற்கு முதலில் ஒரு வழி பாருங்கள்.

நம் பக்கம் நாட்டாமைமாருக்கு, அதாவது மூடை தூக்கும் ஆட்களுக்கு, மாதச் சம்பளம் இல்லை, மூடைக் கணக்குத்தான். லொறி வந்தால் காசு. அதையும் அன்று வந்து தூக்கிய ஆட்கள்தான் பங்கு பிரிப்பார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும் சனம் சோறு தின்னத்தானே வேண்டும், அரிசி வேலை நிற்கவில்லை. வாசலில் ஒருவர் வெப்பமானியோடு நிற்பார். எங்கள் ஆட்களில் ஒருவர் மதிலுக்கு அந்தப் பக்கம் சைக்கிளை நிறுத்தி, சாரத்து மடிப்பிலிருந்து இரண்டு பனடோலை எடுத்து விழுங்கிவிட்டு, தேத்தண்ணிக் கடை வாங்கில் அரை மணித்தியாலம் குந்தியிருந்துதான் உள்ளே வருவார். வெப்பமானி 36 காட்டும். கேட் காவலாளி உட்பட எல்லோருக்கும் விஷயம் தெரியும். அவரை யார் ஏசுவது? வீட்டில் நாலு வயிறு.

அந்த ஆண்டு ஒக்டோபரில் பேலியகொட மீன் சந்தையில் தொற்று கிளம்பி, மீன் லொறிகளோடு நம் கரைக்கும் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பிறகு அக்கரைப்பற்றுச் சந்தை. நாட்கூலி ஆட்கள் நெருங்கி நின்று வேலை செய்த இடங்களில்தான் அது பற்றிக்கொண்டது.

எங்கள் ஆட்கள் இப்போது மூடைக் கூலியில் ஒரு சிறு தொகையை ஒதுக்கிப் பொதுவில் போடுகிறார்கள். அதே அளவை முதலாளியும் போடுகிறார். தடிமன், காய்ச்சல் என்று நிற்பவருக்கு அதிலிருந்து அன்றைய பங்கில் பாதி போகும். தொடக்கத்தில் முதலாளி, “சும்மா படுக்கிறவனுக்கும் நான் கொடுக்கவா?” என்று துள்ளினார். ஆறு பேர் ஒன்றாக விழுந்து, அறுவடை நேரத்தில் லொறிகள் ரோட்டில் வரிசையாக நின்றதை நான் நினைவூட்டியதும் அடங்கிவிட்டார். பொய்க் காய்ச்சல் சொல்பவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். அதைக் குழுவே பார்த்துக்கொள்ளும். அது அவர்களுடைய காசும் அல்லவா!

இனிக் காற்று. கொரோனா பெரும்பாலும் மூச்சுக் காற்றில் பரவியது. பொருளை ஒருமுறை தொட்டுத் தொற்றும் வாய்ப்பு 10,000இல் 1ஐ விடக் குறைவு என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2021இல் சொல்லிவிட்டது. நாங்களோ சாக்குக்கெல்லாம் மருந்து விசிறிக்கொண்டிருந்தோம்! விசிறும் மெசின் காசுக்கு நல்ல வெளியேற்றும் பேன் இரண்டு வரும். எதிரெதிர்க் கதவுகளைத் திறந்து வையுங்கள். மார்கழி மழையில் சாரல் அடிக்கும் என்று எல்லாவற்றையும் பூட்டிவிடுவோம், அந்த மாதங்களில்தான் பேன் கட்டாயம் ஓட வேண்டும். மாஸ்க்கும் நல்லதுதான். கிருமி போனாலும் நெல்லுத் தூசி போகவில்லை, அதற்கு என்95 வகைதான் பிடிக்கும். ஆனால் மூடை தூக்கும்போது அதைப் போட்டு மூச்செடுப்பது கஷ்டம். கூட்டும்போதும் தூற்றும்போதும் போடச் சொல்லுங்கள்.

நான் கூடுதலாகப் பயப்படுவது குளிசைக்கு. வண்டுக்குக் குளிசை வைத்துத் தறப்பாளால் மூடுகிறோமே, அந்த அலுமினியம் பொஸ்பைட். காற்றின் ஈரம் பட்டதும் அது பொஸ்பீன் வாயுவை விடும். உள்ளிப்பூண்டு போல, அழுகிய மீன் போல மணக்கும் என்பார்கள். நம் ஸ்டோர்களில் பழைய ஆட்கள் கதவைத் திறந்து மோந்து பார்த்துத்தான் உள்ளே போவார்கள். கொரோனா வந்து எத்தனையோ பேருக்கு மணம் போனது, சிலருக்கு அது முழுதாகத் திரும்பவில்லை. எங்களிடம் ஒருவருக்குக் கருவாடு பொரிக்கும் மணம் இன்றைக்கும் தெரியாது. அவரை மோந்து பார்க்க அனுப்பினால் என்ன ஆகும்? மூக்கு நன்றாக இருப்பவருக்கும் ஆபத்தான அளவில் மணம் தெரியாமல் போகலாம். இந்த வாயுவுக்கு மாற்று மருந்து கிடையாது. தலையிடி, குமட்டல், நெஞ்சு இறுக்கம், இருமல் என்று தொடங்குவதால், “திரும்பக் கொரோனாவாக்கும்” என்று வீட்டுக்கு அனுப்பிவிடும் ஆபத்தும் உண்டு. குளிசை வைத்த ஸ்டோரில் நின்றவருக்கு இப்படி வந்தால், என்ன வைத்தோம் என்று பெயரோடு எழுதிக் கையில் கொடுத்து உடனே ஆஸ்பத்திரிக்கு ஏற்றுங்கள்.

ஆகவே நீங்கள் ஒரு கருவி வாங்குவதானால் பொஸ்பீன் அளக்கும் மீட்டரை வாங்குங்கள். 0.3 பிபிஎம்முக்கு (காற்றில் பத்து லட்சத்துக்கு 0.3 பங்கு) மேல் காட்டினால் யாரும் உள்ளே போகக் கூடாது. அதைவிடக் கடுமையான அளவைச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். தனியே வாங்கக் கட்டாது என்றால் பக்கத்து ஆலைக்காரரோடு சேர்ந்து வாங்கலாம். குளிசை வைத்த திகதியைக் கதவில் பெரிதாக எழுதுங்கள். பக்கத்து அறையில் ஆட்களைப் படுக்க விடாதீர்கள், வாயு சுவர் வெடிப்புக்குள்ளாலும் போகும்.

நோய் வந்து எழும்பியவரை முதல் நாளே நெல் மூடைக்குக் கீழே நிறுத்தாதீர்கள். நம் நெல் மூடை அறுபது கிலோவைத் தாண்டும். வளர்ந்த ஆண் ஒருவர் கையால் தூக்க 55 கிலோவே உச்சம் என்று சர்வதேச தொழில் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது, அதுவும் சுகமான ஆளுக்கு. கொரோனா வந்தவர்களில் சிலர் அன்றைக்கு நன்றாகத் தூக்கிவிட்டு, அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ எழும்ப முடியாமல் கிடந்தார்கள். அதைச் சோம்பல் என்று ஏசுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். சாக்குத் தைக்க, லொறி எண்ணிக்கை எழுத என்று ஒரு கிழமை விடுங்கள். பிறகு 25 கிலோ அரிசிப் பை. இளைப்போ நெஞ்சு நோவோ வந்தால் மூடையை இறக்கிவிட்டு வைத்தியரிடம் போகட்டும்.

எலியையும் பாருங்கள். காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் கொரோனா நினைப்பு வந்துவிட்டது, ஸ்டோரில் வேலை செய்பவருக்கு எலிக்காய்ச்சலும் வரலாம். வைத்தியரிடம், “நெல் ஸ்டோரில் வேலை” என்று சொல்லச் சொல்லுங்கள். காலில் புண்ணோடு எலி மூத்திரம் கலந்த தண்ணீரை மிதிப்பவர்களுக்குத் தடுப்புக் குளிசை தேவையா என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்கலாம்.

அடுக்கு சரிவது, லொறி பின்னுக்கு எடுக்கும்போது ஆள் நசிபடுவது பற்றியெல்லாம் தனிப் பதில்தான் எழுத வேண்டும். வேலையில் அடிபட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும் சட்டம் இலங்கையில் 1934 முதல் இருக்கிறது. “நாட்கூலிதானே, அவருக்கு ஒன்றும் இல்லை” என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாமல் தொழில் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். போகும்போது ஆட்களின் பெயர்ப் பதிவையும் கூலி கொடுத்த கொப்பியையும் கொண்டு போங்கள். அது இல்லையென்றால் இன்றைக்கே ஒரு சீஆர் கொப்பி வாங்கி எழுதத் தொடங்குங்கள்.