பெல்ட் (pelt) எடை என்றால் எந்த எடை?
வணக்கங்க. ஈரோட்டு டேனரியில் (தோல் பதனிடும் ஆலையில்) புதிதாகச் சேர்ந்த நீங்கள், செய்முறைத் தாளில் உள்ள 'பெல்ட் எடை'க்கு அகராதி 'முடியோடு உள்ள தோல்' என்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். அது ஃபர் (முடியோடு கூடிய தோல்) வியாபாரத்தில் உள்ள அர்த்தம். டேனரியில் நேர் எதிருங்க: சுண்ணாம்பில் ஊறி, முடி போய், உட்பக்கத்துச் சவ்வும் கொழுப்பும் சீவியெடுத்த பிறகு வெளுத்து, உப்பி, வழவழவென்று இருக்குமே, அந்தத் தோல்தான் பெல்ட். நீரை வடியவிட்டு எடை போடுங்கள். சுண்ணாம்பு நீக்கவும் பதனிடவும் சேர்க்கிற மருந்துக்குச் சதவீதம் அந்த எடையில்தான். அதற்கு முந்தைய ஊறலுக்கு உப்புத்தோல் (உப்பிட்டு வந்த பச்சைத்தோல்) எடை. மாற்றிப் போட்டால் ஒரு டிரம் (தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய உருளை) தோலே கெட்டுப்போகும். முதல் சில தடவை மேஸ்திரியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஆங்கிலச் செய்தியில் கல்லெறிந்ததற்கும், மழை கொட்டுவதற்கும், தலைதெறிக்க ஓடுவதற்கும் வருவது இதே pelt என்ற எழுத்துதான். இடுப்பில் கட்டும் பெல்ட்டுக்கு (belt) ஆங்கிலத்தில் முதலெழுத்து வேறு.