ஒரு குப்பியின் விலை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எஸ்.எம்.ஏ. என்னும் தசைச்சிதைவு நோயுள்ள ஏதாவது ஒரு குழந்தையின் 16 கோடி ரூபாய் ஊசிக்கு நிதி கேட்கும் செய்தி அடிக்கடி என் கைப்பேசிக்கு வருகிறது. மனம் பதறினாலும், அந்தப் பணத்தில் எத்தனை ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கலாம் என்றும் தோன்றுகிறது. ஓர் உயிருக்கு அரசு இவ்வளவு செலவழிப்பது நியாயமா? சொந்தத்தில் மணமுடிப்பவர்களின் பிழைக்குப் பொதுப்பணம் எதற்கு? இத்தகைய நிதிக்கு நான் கொடுப்பதா, வேண்டாமா?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

கொடுக்க மனமிருந்தால் கொடுங்கள். அதற்கு என் அனுமதி எதற்கு? சொந்தத்தில் மணமுடிப்பதால் இத்தகைய மரபணு நோய்களுக்கான வாய்ப்பு கூடுவது உண்மைதான். அதற்காகப் பிள்ளையைத் தண்டிக்கலாம் என்று படித்தவர் ஒருவர் எழுதுவதைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் அத்தை மகனையும் தாய்மாமனையும் மணந்தவர்கள் என்று விசாரித்துவிட்டு, அந்த வரியை நீங்களே மறுபடி வாசியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த நாளில் நான் ஓர் எடைக்கருவியைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். என் ஒன்றுவிட்ட தங்கையின் மகனுக்குக் கோஷே நோய். உடலில் ஒரு நொதி குறைவதால் கொழுப்புப் பொருள் மண்ணீரலிலும் கல்லீரலிலும் சேர்ந்து வயிறு பெருத்துவிடும். குடற்பூச்சி என்று மருந்து கொடுத்து, குறி கேட்டு, கயிறு கட்டி, மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகே நோயின் பெயர் தெரிந்தது. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை அந்த நொதியை ரத்தக்குழாய் வழியாக ஏற்ற வேண்டும், வாழ்நாள் முழுவதும். எவ்வளவு ஏற்றுவது என்பதை உடல் எடைதான் தீர்மானிக்கும். ஒருநாள் நானும் உடன் போயிருந்தேன். செவிலியர் எடை பார்க்க அழைத்தபோது, அவன் அம்மா செருப்பைக் கழற்றச் சொன்னாள். பிறகு கால்சட்டைப் பையிலிருந்த கோலிக்குண்டுகளையும் வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்படியும் ஒரு கிலோ கூடியிருந்தது. பிள்ளைக்குச் சதை பிடித்ததைப் பார்த்து ஒரு தாயின் முகம் வாடியதை அன்றுதான் கண்டேன். மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கை, 2022இல் திருத்தப்பட்டபின், ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அது ஆண்டுதோறும் வருவதன்று, மொத்தமே அவ்வளவுதான். பிள்ளை வளர வளர அது விரைவாகக் கரையும்.

இதே நோய்க்காக ஒரு ரிக்‌ஷா தொழிலாளியின் மகன் சார்பில் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது, அரசும் உங்களைப் போலத்தான் கணக்குக் காட்டியது. அதே பிணியில் ஏற்கெனவே பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பம் அது. இலவசமாக மருந்து தர வேண்டும் என்று 2014இல் நீதிமன்றம் உத்தரவிட்டது.

உங்கள் கணக்கில் எனக்குள்ள சண்டை வேறு. ஊசியின் விலையை மழை, வெயில் போல வானத்திலிருந்து வந்ததாக வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே எந்தக் குழந்தையை விடலாம் என்று தேடுகிறீர்கள். நீங்கள் சொன்ன எஸ்.எம்.ஏ.யையே எடுத்துக்கொள்வோம். அந்த நோய்க்கு ரிஸ்டிப்லாம் என்று வாயால் குடிக்கும் மருந்தும் உண்டு. 20 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம். ஒரு குப்பியில் இருப்பது 60 மில்லிகிராம். ஆக, 12 நாட்களுக்கு வரும். ரோஷ் நிறுவனம் இந்தியாவில் ஒரு குப்பியை ஏறத்தாழ 6 லட்சம் ரூபாய்க்கு விற்றது. அரசின் 50 லட்சம் 8 குப்பிகளோடு தீர்ந்துவிடும். மூன்று மாதத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஹைதராபாதின் நாட்கோ நிறுவனம் அதே மருந்தைத் தயாரிப்பதைத் தடுக்கக் கோரி ரோஷ் வழக்குத் தொடுத்தது. 2025 அக்டோபரில் தில்லி உயர் நீதிமன்றத்தின் அமர்வு தடை தர மறுத்தது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. நாட்கோ அறிவித்த விலை குப்பிக்கு 15,900 ரூபாய். அதே 50 லட்சத்துக்கு இப்போது 314 குப்பிகள் கிடைக்கும். பத்து ஆண்டுகளுக்கு மேல் வரும்! நோயும் அதேதான், கஜானாவும் அதேதான். செப்டம்பரில் 'ஓர் உயிருக்கு இவ்வளவா' என்று கேட்ட உங்கள் நியாயம் நவம்பரில் எங்கே போயிற்று?

ஆராய்ச்சிச் செலவை யார் தருவார்கள் என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். கோஷே நோய்க்கான முதல் நொதி மருந்துக்கு வழிவகுத்த ஆராய்ச்சி, ராஸ்கோ பிரேடி என்பவர் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தில், மக்களின் வரிப்பணத்தில், பல ஆண்டுகள் செய்தது. நிறுவனங்களுக்கும் செலவு உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் 6 லட்சத்துக்கும் 15,900க்கும் நடுவே இருப்பது முழுவதும் அந்தச் செலவுதான் என்று யாரும் எனக்குக் கணக்கேட்டைத் திறந்து காட்டியதில்லை.

அந்தச் சிறுவன் இப்போது 24 கிலோ. அவனுக்கு ஒதுக்கிய தொகை எந்த மாதத்தோடு தீரும் என்பதை அவன் அம்மா தினசரி நாட்காட்டியின் பின்னட்டையில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள். எடை பார்த்து வரும் ஒவ்வொரு முறையும் அதை அழித்து, அதற்கு முந்தைய மாதத்தை எழுதுகிறாள்.